எங்க கேம்பஸ் லைப்ரரியோட டேட்டா சர்வீஸ்: ரெண்டு வருஷத்துக்கு மேல யூஸ் பண்ணவளோட ரிவ்யூ

ஆராய்ச்சி டேட்டாவை எப்படி வெச்சுக்கிறது, எப்படி பகிர்றதுன்னு வழி சொல்ற ஒரு சர்வீஸ் லைப்ரரில இருக்குன்னே எனக்கு 2023 மே மாசம் வரைக்கும் தெரியாது. புக் எடுக்க, அமைதியா உக்காந்து பேப்பர் படிக்க, வேற ஊர் லைப்ரரில இருக்குற பழைய ஜர்னலை வரவழைக்க, இவ்வளவுக்குத்தான் நான் அந்த பில்டிங் பக்கம் போவேன். நான் அமெரிக்கால ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டில போஸ்ட்டாக் (பிஎச்டி முடிச்சிட்டு ஆராய்ச்சி பண்றவ), எங்க லேப்ல நைட் ஷிஃப்ட் பாக்குற நர்சுங்களோட தூக்கத்துக்கும் சுகருக்கும் என்ன தொடர்புன்னு பாக்குறோம். எந்த யுனிவர்சிட்டின்னு சொல்லல, ஏன்னா கீழ சில குறையும் எழுதிருக்கேன், அது அங்க வேலை பாக்குற ரெண்டு நல்ல மனுஷங்க மேல போய் விழ வேணாம். இங்க இருக்குற பெரிய யுனிவர்சிட்டி முக்காவாசில இதே மாதிரி சர்வீஸ் இருக்கு, உங்க லைப்ரரி சைட்டுல டேட்டான்னு தேடிப் பாருங்க.

முதல்ல எதுக்கு இது வேணும்னு சொல்லிடுறேன். என்ஐஎச், அதாவது மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்குற அமெரிக்க அரசு அமைப்பு, 2023 ஜனவரி 25-லருந்து ஒரு புது பாலிசி கொண்டு வந்தாங்க. அதுக்கு முன்னாடி 2003-ல ஒரு ரூல் இருந்துச்சு, ஏதாவது ஒரு வருஷத்துல டைரக்ட் காஸ்ட் (ஆராய்ச்சிக்கு நேரடியா ஆகுற செலவு) 5 லட்சம் டாலரோ அதுக்கு மேலயோ கேட்டா மட்டும்தான் டேட்டாவை எப்படி பகிரப் போறோம்னு எழுதணும். இப்ப அந்தத் தொகைக் கணக்கெல்லாம் கிடையாது, சயின்டிஃபிக் டேட்டா உருவாகுற ஆராய்ச்சி எதுவா இருந்தாலும் அப்ளிகேஷனோட ஒரு டேட்டா பிளான் வெக்கணும், ரெண்டு பக்கத்துக்குள்ள இருந்தா நல்லதுன்னு சொன்னாங்க. மத்த அறிவியலுக்கு நிதி கொடுக்குற என்எஸ்எஃப் 2011-லயே இத ஆரம்பிச்சிட்டாங்க, அதனால இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ் ஆளுங்களுக்கு இது பழகிப்போன விஷயம், எங்கள மாதிரி ஹெல்த் பக்கம் இருக்குறவங்களுக்குத்தான் புதுசு.

எங்க கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) அப்ளிகேஷனுக்கு ஜூன் 5 டெட்லைன். பிஐ, அதாவது எங்க ஆராய்ச்சிய தலைமை தாங்கி நடத்துறவர், எனக்கு வேற ஒரு லேப்புலருந்து கெடச்ச பழைய பிளான் ஒண்ண அனுப்பி, இத நம்ம ஸ்டடிக்கு ஏத்த மாதிரி மாத்திடு, வீக்எண்டுல முடிஞ்சிடும்னு சொன்னாரு. அதுல முக்கியமான வரி ஒண்ணே ஒண்ணுதான், நியாயமான கோரிக்கை வந்தா டேட்டாவைத் தருவோம். நானும் பேரை மட்டும் மாத்தி அப்படியே வெக்கலாம்னுதான் இருந்தேன், பக்கத்து லேப் பொண்ணு ஒருத்தி சொல்லித்தான் லைப்ரரிக்கு ஒரு மெயில் போட்டேன், அதுவும் சனிக்கிழமை ராத்திரி. செவ்வாய்க்கிழமை அப்பாயின்மெண்ட் கெடச்சுது.

போனா அங்க இந்த சர்வீஸப் பாத்துக்குற அம்மா ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க என் டிராஃப்ட்ட திறக்கவே இல்ல. "உங்க கன்சென்ட் ஃபார்ம் இருக்கா?"ன்னு கேட்டாங்க, ஸ்டடில சேர்றவங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடுற ஃபார்ம் அது. டேட்டா பிளானுக்கு வந்தா கன்சென்ட் ஃபார்ம எதுக்கு கேக்குறாங்கன்னு எனக்குப் புரியல. லேப்டாப்ல எடுத்துக் காட்டுனேன். மூணாவது பக்கத்துல ஒரு வரிகிட்ட கர்சரை நிறுத்துனாங்க. உங்க தகவல்களை எங்க ஆராய்ச்சிக் குழுவத் தவிர வேற யாருக்கும் கொடுக்க மாட்டோம், ஸ்டடி முடிஞ்சு அஞ்சு வருஷத்துல அழிச்சிடுவோம்னு இருந்துச்சு. அப்புறம் என் டிராஃப்ட்ட பக்கத்துல வெச்சாங்க. ஒண்ணும் சொல்லல, ரெண்டையும் படிக்க விட்டாங்க. ஒரு பக்கம் நர்சுங்ககிட்ட யாருக்கும் தரமாட்டோம்னு கையெழுத்து வாங்கிட்டு, இன்னொரு பக்கம் அரசாங்கத்துகிட்ட எல்லாருக்கும் தருவோம்னு எழுதிக் கொடுக்கப் போறோம்.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு அங்க உக்காந்திருக்கும்போதுதான் உறைச்சுது. பிளான் வெறும் பேப்பர் இல்ல, கிராண்ட் கெடச்சா அதுவே அவார்டோட கண்டிஷன் ஆயிடும். ஆளுங்களை சேத்து, ரத்தம் எடுத்து, மூணு வருஷம் கழிச்சு டேட்டாவை வெளிய வெக்கணும்னு வரும்போது கன்சென்ட்ல இடமில்லன்னா என்ன பண்றது, 140 நர்சுங்களைத் தேடிப் பிடிச்சு மறுபடி கையெழுத்து வாங்க முடியுமா, பாதிப் பேர் வேற ஊருக்குப் போயிருப்பாங்க. அவங்க சொன்னாங்க, "புது ஸ்டடிக்கு இப்பவே ஐஆர்பிகிட்ட (மனுஷங்களை வெச்சுப் பண்ற ஆராய்ச்சிக்கு அனுமதி தர்ற கமிட்டி) போய் வாசகத்தை மாத்திடுங்க, ஆள் சேக்குறதுக்கு முன்னாடி. பழைய பைலட் டேட்டா 32 பேரோடது, அத பகிர முடியாது, ஏன் முடியாதுன்னு பிளான்ல நேரா எழுதிடுங்க, அதுக்கு பாலிசில இடம் இருக்கு." கன்சென்ட்ல எப்படி எழுதலாம்னு என்ஐஎச்சே 2022-ல மாதிரி வாசகம் போட்டிருக்காங்க, அதையும் எடுத்துக் கொடுத்தாங்க. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே நான் அஞ்சு ஸ்டார் கொடுப்பேன்.

அடுத்த விஷயம் பேர் தெரியாம மறைக்கிறது. நான் தெம்பா சொன்னேன், ஹிப்பாங்கற அமெரிக்க மருத்துவ ரகசியச் சட்டத்துல சொல்ற 18 அடையாளத்தையும் எடுத்துடுவோம், பேர், போன், பொறந்த தேதி எல்லாம். அந்தம்மா ஒரு பேப்பர்ல எழுதுனாங்க: ஐசியூ, நைட் ஷிஃப்ட், ஆண், 58 வயசு. "உங்க ஆஸ்பத்திரில இப்படி எத்தனை பேர் இருப்பாங்க?"ன்னாங்க. எனக்கு சட்டுனு ஒருத்தர் முகமே ஞாபகம் வந்துச்சு. 18-ல ஒண்ணு கூட அந்தப் பேப்பர்ல இல்ல, ஆனா ஆள் யாருன்னு தெரிஞ்சிடுச்சு, அவரோட சுகர் அளவு, தூக்க மாத்திரை போடுறாரா இல்லையாங்கறது வரைக்கும் அந்த ரோவுல இருக்கும், அது அவரோட மேனேஜர் கையில போய்ச் சேந்தா என்ன ஆகும். ஒரே ஆஸ்பத்திரில எடுக்குற டேட்டால இந்த ஆபத்து இருக்குன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல.

அதுக்காக எல்லாத்தையும் அழிச்சிட்டா டேட்டாவால பிரயோஜனம் இல்லாமப் போயிடும், அதுவும் அவங்களுக்குத் தெரியும். "உங்களுக்கு தேதி முக்கியமா, மணி முக்கியமா?"ன்னு கேட்டாங்க. நைட் ஷிஃப்ட் ஸ்டடில மணிதான் உயிரு, ராத்திரி 3 மணிக்கு சுகர் எவ்வளவுங்கறதுதான் கேள்வியே, அது நவம்பர் 12-ஆ 19-ஆங்கறது யாருக்கும் வேணாம். அதனால தேதியை எடுத்துட்டு முதல் நாள், ரெண்டாம் நாள்னு வெச்சு, மணியை அப்படியே விட்டோம். வயசை அஞ்சு அஞ்சா குரூப் பண்ணோம். டிபார்ட்மெண்ட்ட ஐசியூ, மத்ததுன்னு ரெண்டாக்குனோம். தூக்கத்தைப் பத்தி அந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்க படிச்சது வரலாறு, ஆனா எந்தக் கேள்வி கேக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

டேட்டாவை எந்த ரெபாசிட்டரில, அதாவது ஆன்லைன் டேட்டா சேமிப்பிடத்துல, வெக்கிறதுங்கறதுல எங்க பிஐ ஜெனோடோன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தாரு. ஜெனோடோ நல்லதுதான், ஐரோப்பால இருக்குற சேர்ன் ஃபிசிக்ஸ் ஆராய்ச்சி மையம் நடத்துறது, 2013-லருந்து இருக்கு, காசு கிடையாது, ஒரு ரெக்கார்டுக்கு 50 ஜிபி வரைக்கும் போடலாம், கோட் வெக்க நானே யூஸ் பண்றேன். ஆனா மனுஷங்களோட ஹெல்த் டேட்டாவுக்கு, கேக்குறவங்க யாரு எதுக்கு கேக்குறாங்கன்னு பாத்து, ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்குற இடமா இருந்தா நல்லது, அதுவும் நம்ம துறைக்குன்னே இருக்குற ரெபாசிட்டரி இருந்தா மொதல்ல அங்கதான் பாக்கணும், அதுக்கப்புறம்தான் பொதுவானது, என்ஐஎச் சொல்ற வரிசையும் அதுதான். தூக்க ஆராய்ச்சிக்குன்னே நேஷனல் ஸ்லீப் ரிசர்ச் ரிசோர்ஸ்னு ஒண்ணு இருக்குன்னு தேடி எடுத்தது அவங்கதான். ஆறு வருஷமா இதே துறைல இருக்கேன், அங்கருந்து டேட்டா எடுத்து எழுதுன பேப்பரக் கூட படிச்சிருக்கேன், ஆனா நாமளும் அங்க வெக்கலாம்னு தோணவே இல்ல. ஆர்என்ஏ சீக்வென்ஸ் டேட்டாவுக்கு டிபிகேப்னு என்ஐஎச்சோட மரபணு டேட்டா ரெபாசிட்டரி, அங்கயும் அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும்.

நியாயமான கோரிக்கை வந்தா தருவோம்ங்கற அந்த வரியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2014-ல வந்த ஒரு ஆய்வுல 516 பேப்பரை எடுத்து, எழுதுனவங்களுக்கு மெயில் போட்டு டேட்டா கேட்டுப் பாத்தாங்க. பேப்பருக்கு ஒரு வயசு கூடக் கூட டேட்டா இன்னும் இருக்குறதுக்கான வாய்ப்பு வருஷத்துக்கு 17 சதவீதம் குறைஞ்சுதுன்னு கண்டுபிடிச்சாங்க. மெயில் ஐடி செத்துப்போச்சு, ஹார்ட் டிஸ்க் காணாமப் போச்சு, பழைய ஜிப் டிரைவ்ல கெடக்கு, இதான் காரணம். யாரும் கெட்ட எண்ணத்துல தராம இருக்கல. எங்க லேப்லயே 2014-ல ஒரு ஸ்டூடண்ட் பண்ண ஆக்டிகிராஃபி (கைல கட்டுற கருவில தூக்கத்தை அளக்குறது) ஃபைல் எங்கன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது, அந்தப் பொண்ணு ராத்திரி ராத்திரியா உக்காந்து எடுத்த டேட்டா அது.

ரெண்டாவது சந்திப்புக்கு நான் டேட்டா ஃபோல்டரையே எடுத்துட்டுப் போனேன். இத எழுதறதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா நிறைய லேப்ல இதே நிலைமைதான், அதனால எழுதுறேன். ஒரு ஷீட்டுல 03/04ன்னு இருந்துச்சு. நம்ம ஊர்ல படிச்சு வந்த எனக்கு அது ஏப்ரல் 3. எங்க ரிசர்ச் அசிஸ்டண்ட் அமெரிக்கப் பையன், அவனுக்கு மார்ச் 4. ரெண்டு பேரும் ஷீட்டுல ஒரே நெடுவரிசைல ஒரு வருஷமா டைப் பண்ணிருக்கோம். 12-க்கு மேல இருக்குற தேதியெல்லாம் தப்பிச்சிடுச்சு, 12-க்குள்ள இருக்குறது எதுவுமே நம்ப முடியாது, பேப்பர் ஃபார்ம எடுத்து ஒண்ணொண்ணா சரி பாக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப வருஷம், மாசம், நாள்னு மட்டும்தான் எழுதுறோம், 2024-03-04ன்னு, சண்டைக்கே இடமில்ல, ஃபைல் பேர்லயும் அதே வரிசை, அதனால ஃபோல்டர்லயும் தானா தேதிப்படி நிக்குது. எக்செல்லு ஜீன் பேர தேதியா மாத்துற கதை தெரிஞ்சிருக்கும், மார்ச்1னு ஒரு ஜீன் மார்ச் 1-ஆம் தேதியாவே ஆயிடும், கடைசில 2020-ல ஜீனுக்கு பேர் வைக்கிற கமிட்டியே அந்தப் பேரெல்லாம் மாத்த வேண்டியதாப் போச்சு. அதனால ஜீன் லிஸ்ட்ட எக்செல்ல திறக்கவே கூடாதுன்னு எங்க லேப்ல இப்ப ரூல்.

பிளான் எழுதறது எப்படின்னா, நாங்க எழுதுனப்ப ஆறு தலைப்பு இருந்துச்சு: என்ன டேட்டா, என்ன டூல் கோட், என்ன ஸ்டாண்டர்ட், எங்க எப்ப வரைக்கும் வெப்போம், யாருக்கு என்ன நிபந்தனைல கொடுப்போம், யாரு கண்காணிப்பாங்க. நாம பொதுவா எழுதற மாதிரி தகுந்த ரெபாசிட்டரில உரிய காலத்துல வெப்போம்னு எழுதுனா அந்தம்மா சிவப்புல சுழிச்சு எந்த ரெபாசிட்டரி, எந்த மாசம், யாருன்னு எழுதிடுவாங்க. பேப்பர் வெளிவர்ற அன்னிக்கோ கிராண்ட் முடியற அன்னிக்கோ, எது மொதல்ல வருதோ அதுக்குள்ள வெக்கணும்ங்கறதுதான் ரூல். கண்காணிக்கிறது யாருங்கற இடத்துல பிஐன்னு எழுதிருந்தேன், "நிஜமா வாரா வாரம் பாக்கப் போறது யாரு?"ன்னு கேட்டாங்க, பிஐ இல்ல, எங்க டேட்டா மேனேஜர்தான், அதையே எழுதினோம். லேப் நோட்புக்கு, பாதில இருக்குற அனாலிசிஸ் இதெல்லாம் பகிர வேண்டிய டேட்டா கணக்குலயே வராதுன்னு அவங்க சொன்னதுல அரைப் பக்கம் மிச்சமாச்சு.

காசு விஷயம் தனியா சொல்லணும், ஏன்னா இது நிறைய பேருக்குத் தெரியாது. டேட்டாவ சுத்தம் பண்றதுக்கு ஆள் நேரம், ரெபாசிட்டரி கட்டணம் இதெல்லாம் பட்ஜெட்ல கேக்கலாம். ஆனா கிராண்ட் காலம் முடியறதுக்குள்ள கட்டிடணும், பத்து வருஷம் வெக்கணும்னாலும் முன்னாடியே கட்டிடணும். யுனிவர்சிட்டி ஏற்கனவே ஓவர்ஹெட்ல (கட்டடம், நிர்வாகம் மாதிரி பொதுச் செலவு) எடுத்துக்குற செலவ மறுபடி கேக்கக் கூடாது. நாங்க டேட்டா மேனேஜரோட நேரத்துல ஒரு பகுதியக் கேட்டோம், கெடச்சுது. லைப்ரரில சொல்லலன்னா அந்த வேலை எல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல என் தலைலதான் விழுந்திருக்கும்.

கிராண்ட் 2024-ல வந்துச்சு. மொத பேட்ச் டேட்டாவ ரெபாசிட்டரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி லைப்ரரில க்யூரேஷன்னு ஒரு வேலை பண்ணித் தந்தாங்க, நம்ம ஃபைலை நம்மளத் தெரியாத ஒருத்தர் திறந்து படிச்சுப் பாக்குறது. ரெண்டு பேர்ல இளையவர்தான் பாத்தாரு. மூணு நாள் கழிச்சு ஒரு கேள்வி வந்துச்சு: சுகர் நெடுவரிசைல சில இடம் காலியா இருக்கு, ஆனா சென்சார்லருந்து வந்த மூல ஃபைல்ல அதே இடத்துல 'லோ' (Low)ன்னு எழுத்துல இருக்கே, இது ஏன்? நான் சேர்ல நிமிந்து உக்காந்துட்டேன். நாங்க யூஸ் பண்ண சென்சார் சுகர் 40-க்குக் கீழ போனா நம்பர் கொடுக்காது, 'லோ'ன்னு எழுதும். எங்க ஸ்கிரிப்ட் நம்பர் இல்லாததெல்லாம் மிஸ்ஸிங்னு தூக்கிப் போட்டிருக்கு. அதாவது ராத்திரி வேலை நடுவுல ஒரு நர்சுக்கு சுகர் அபாயமா எறங்குன ஒவ்வொரு தடவையும் எங்க கணக்குல இல்லாமலே போயிருக்கு. எதைக் கண்டுபிடிக்கணும்னு ஸ்டடியே ஆரம்பிச்சோமோ அதையே அழிச்சிருக்கோம். பேப்பர் சப்மிட் பண்ண இன்னும் பதினோரு நாள்தான் இருந்துச்சு. அனாலிசிஸ் திரும்ப ஓட்டுனோம், ரெண்டு டேபிள் மாறிச்சு. அந்தப் பையனுக்கு நன்றி சொல்லிப் பேப்பர் கடைசில பேர் போட்டோம், இதுக்கு ஆத்தர்ஷிப்பே கொடுத்திருக்கணும்ங்கறது என் எண்ணம், பிஐ ஒத்துக்கல.

ரீட்மீ ஃபைலும் டேட்டா டிக்ஷனரியும் அவங்க டெம்ப்ளேட் தர்றாங்க, ஒவ்வொரு நெடுவரிசைக்கும் என்ன அர்த்தம், என்ன யூனிட், காலியா இருந்தா என்ன அர்த்தம், 0ன்னா சாப்பிடலையா பதில் சொல்லலையான்னு எழுதணும். 87 நெடுவரிசை இருந்துச்சு எங்களுக்கு. போரடிக்கிற வேலைதான், ஆனா புதுசா சேர்ந்த ஸ்டூடண்ட் ஒருத்தி யாரையும் கேக்காம ரெண்டே நாள்ல வேலைய ஆரம்பிச்சா, முன்னாடி அதுக்கு ஒரு மாசம் ஆகும்.

இப்ப குறைங்க. மொத்த கேம்பஸுக்கும் ரெண்டே பேர். நான் போன மே மாசக் கடைசில எனக்கு இடம் கெடச்சது அதிர்ஷ்டம், ஜூன், அக்டோபர், பிப்ரவரி மாச 5-ஆம் தேதிங்களுக்கு முந்தின வாரம் அவங்ககிட்ட நிக்கிற வரிசை ரொம்பப் பெருசு, பிளான் படிச்சுத் தர அஞ்சு வேலை நாள்னு இப்ப எழுதியே போட்டுட்டாங்க. சைட்டுல அந்தப் பக்கத்தக் கண்டுபிடிக்கிறது கஷ்டம், ஹோம் பேஜ்லருந்து நாலஞ்சு கிளிக் உள்ள போகணும். செமஸ்டருக்கு ஒரு தடவை நடத்துற ஒர்க்‌ஷாப் ரொம்பப் பொதுவா இருக்கு, அதுக்குப் போறதுக்கு நேரா அப்பாயின்மெண்ட் வாங்குறது மேல். டேட்டாவ எந்த சர்வர்ல வெக்கிறதுங்கற முடிவு ஐடி கையில, கன்சென்ட் ஐஆர்பி கையில, ஒப்பந்தம் லீகல் கையில, லைப்ரரி வழி காட்டுமே தவிர கூட வந்து பேசாது, நான் நாலு ஆபீசுக்கும் அதே கதைய நாலு தடவை சொன்னேன். என்னோட பெரிய வருத்தம் கிராண்ட் வந்ததுக்கு அப்புறம் அவங்களா ஒரு தடவை கூட கூப்பிட்டு பிளான்படி போகுதான்னு கேக்கலங்கறது. பிளான் மாறும், எங்களுக்கே சென்சார் மாடல் மாறிச்சு, அத ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல சொல்லணும், ஆறு மாசத்துக்கு ஒரு மெயில் வந்தா போதும் ஞாபகம் வரும். ரெண்டு பேர வெச்சு அதுவும் பண்ணுங்கன்னு கேக்க மனசு வரல, கேக்க வேண்டியது யுனிவர்சிட்டியத்தான், ஆள் போடுங்கன்னு.

லைப்ரரில இந்த வசதி இல்லாத சின்ன காலேஜ்ல இருக்கீங்கன்னா டிஎம்பிடூல்னு ஒரு சைட் இருக்கு, கலிஃபோர்னியா டிஜிட்டல் லைப்ரரி நடத்துறது, காசு இல்ல, என்ஐஎச் என்எஸ்எஃப் டெம்ப்ளேட் எல்லாம் உள்ளயே இருக்கும், மத்தவங்க பப்ளிக்கா போட்ட பிளானும் படிக்கலாம். யூகேல இருக்குறவங்களுக்கு டிஎம்பிஆன்லைன். ஆனா படிக்கிறதுக்கு மட்டும் வெச்சுக்கோங்க, அப்படியே காப்பி பண்ணாதீங்க, உங்க கன்சென்ட் ஃபார்ம்ல என்ன இருக்குன்னு அந்த டெம்ப்ளேட்டுக்குத் தெரியாது.

என் மார்க் 5-க்கு 4.5. குறைச்ச அரை மார்க் கிராண்டுக்கு அப்புறம் வர்ற அமைதிக்கு மட்டும். போறதா இருந்தா டெட்லைனுக்கு ஆறு வாரம் முன்னாடி போங்க, கன்சென்ட் ஃபார்ம், புரோட்டோகால், நிஜ டேட்டா ஃபைல் ஒண்ணு, மூணையும் எடுத்துட்டுப் போங்க, எழுதுன பிளான் இல்லன்னாலும் பரவால்ல. காலைல பத்துலருந்து மதியம் வரைக்கும் ரெண்டாவது மாடில கிழக்குப் பக்கம் ஜன்னலோரமா உக்காந்திருப்பாங்க, அப்பாயின்மெண்ட் இல்லாமலும் அஞ்சு நிமிஷம் பேசலாம். வர்ற வியாழக்கிழமை பக்கத்து லேப்புல புதுசா சேந்த மதுரைப் பையன் ஒருத்தன கூட்டிட்டுப் போறேன், அவங்க பிஐயும் ஒரு பழைய பிளான அனுப்பி வீக்எண்டுல முடிச்சிடுன்னு சொல்லிருக்காராம்.